கேட்டது கணக்கில் வராது

படிக்காத காகிதத்தில் அவர் கையெழுத்துப் போடமாட்டார். அடுத்தவரையும் போட விடமாட்டார். அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். நல்ல குணம்தானே என்பீர்கள். நானும் அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிர்வரிசையில் என் ஜெராக்ஸ் கடை. கடை வாசலில் தகர நிழலில் ஒரு மடக்கு மேசையைப் போட்டுக்கொண்டு அவர் மனு எழுதுவார். பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, வழித்தகராறு, குடிநீர்க் குழாய், எது கேட்டு வந்தாலும் எழுதுவார். மெலிந்த உடம்பு. சட்டைப்பையில் மூன்று பேனா. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். நான் அண்ணா என்பேன். அவர் என்னை முதலில் "ஜெராக்ஸம்மா" என்று கூப்பிட்டு, பிற்பாடு "அட்மின்" என்று மாற்றிக்கொண்டார். அவர் பெயரைச் சொல்லமாட்டேன். ஒருமுறை நாற்பது பேர் பார்க்க அந்தப் பெயரைப் போட்டதற்கே இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் ஒருநாள் அரக்கப்பரக்க வந்தார். "சாமி, பத்தரை பஸ்ஸ புடிக்கணும். நான் சொல்லிகினே வரேன், நீங்க எழுதிகினே வாங்க."

"காயிதம் எங்க நைனா?"

"காயிதம் வூட்ல கீது. சர்வே நம்பரு எனக்கு மனப்பாடம்."

"உன் மனப்பாடத்துக்கு தாசில்தாரு முத்திர வெப்பாரா? போய் எட்தாந்து கண்ணுல காட்டு."

அவர் தெலுங்கில் ஏதோ திட்டிக்கொண்டே பஸ் ஏறிப் போனார். மறுநாள் பத்திரத்தோடு வந்தார். பிரித்துப் பார்த்தால், மனப்பாடமாக வைத்திருந்த எண் அவருடைய தம்பி பங்குக்கு உரியது. எழுதியிருந்தால் அண்ணன் தம்பிக்குள் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கும். அந்த மனுஷர் கையெடுத்துக் கும்பிட்டார். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "வாயால சொல்றது செல்லாது நைனா. எழுத்துல இருக்கணும், அத கண்ணால படிக்கணும்" என்றார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வந்தால் மனுவை இரண்டு முறை படித்துக் காட்டுவார். முதல் முறை மடமடவென்று. இரண்டாவது முறை ஒவ்வொரு வரியாக, அவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து. அதற்கப்புறம்தான் கைநாட்டு. வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். "ரெண்டாவது வாட்டி படிக்கும்போதுதான் தப்பு மாட்டும், கம்முனு இருங்க" என்பார். வருகிறவர் எத்தனை அவசரக்காரராக இருந்தாலும் இதில் தள்ளுபடி கிடையாது.

இப்படிப்பட்ட ஆளை என் குரூப்பில் சேர்த்தது நான்தான்.

ஊரடங்கு சமயத்தில் கடை மூடிக் கிடந்தபோது, பொழுது போகாமல் இணையத்தில் ஒரு வாசிப்புக் குழு ஆரம்பித்தேன். மாதம் ஒரு தலைப்பு. ரயில் வருகிற புத்தகம், மழை பெய்கிற புத்தகம், இரவல் வாங்கித் திருப்பித் தராத புத்தகம், இப்படி. ஒன்றாம் தேதி தலைப்பைச் சொல்வேன். மாதக் கடைசிக்குள் அதற்குப் பொருந்துகிற ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு ஐந்து வரி எழுதிப் போட வேண்டும். சில மகானுபாவர்கள் எங்கிருந்தோ சுட்டுப் போட ஆரம்பித்தார்கள். அதற்காகக் கைவரி என்று ஒரு ஏற்பாடு கொண்டுவந்தேன். முடித்தேன் என்று சொல்கிறவருக்கு நான் ஒரு பக்க எண் கொடுப்பேன். அந்தப் பக்கத்தின் முதல் வரியைத் தன் கையால் வெள்ளைத்தாளில் எழுதிப் படம் எடுத்துப் போட வேண்டும். பார்த்துவிட்டுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே டிக் போடுவேன். அந்த டிக்குக்கு இருந்த மவுசு இருக்கிறதே, சொன்னால் சிரிப்பீர்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட டிக் வந்துவிட்டதா என்று போன் செய்து கேட்பார்கள்.

"படிக்கறதுக்குப் போட்டியா? வேல இல்ல உங்களுக்கு" என்றுதான் முதலில் சொன்னார். கைவரியைக் காட்டியதும் மனம் மாறிவிட்டது. "இது நல்லா கீதுமா. கண்ணால படிச்சி கையால எழுதறது. இதுல ஏமாத்த முடியாது" என்று சேர்ந்தார். சேர்ந்த முதல் வருடமே பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. மறுவருடமும் அப்படியே. அவருடைய கைவரி வந்து விழும்போது குரூப்பே நின்று பார்க்கும். முப்பது வருடம் மனு எழுதிய கை. கோடு போடாத தாளில் கோடு போட்ட மாதிரி நேராக ஓடும்.

அவரோடு எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல் தனலட்சுமி விஷயத்தில்தான். பள்ளிப்பட்டில் தறி ஓட்டுகிற பெண். அவள் புத்தகங்களைக் காதில் மாட்டிக் கேட்பாள். கேட்டுவிட்டு ஐந்து வரி சொன்னால், மூலப் புத்தகத்தைப் படித்தவர்களே அசந்துபோவார்கள். கைவரி மட்டும் அவளால் தர முடியாது. அவரோ அவளுக்கு டிக் போடக்கூடாது என்று பிடிவாதமாக நின்றார்.

"அண்ணா, எனக்கு ரெண்டு கையும் தறியிலயே கீதுங்க. காது ஒண்ணுதான் சும்மா கீது. அதால படிச்சா தப்புங்களா?" என்று அவள் குரல் பதிவு அனுப்பினாள்.

அவர் தட்டச்சு செய்து பதில் போட்டார். 'தவறு இல்லை. ஆனால் அதற்குப் பெயர் கேட்பது. கேட்டது கணக்கில் வராது.'

ஓட்டுக்கு விட்டேன். முக்கால்வாசிப் பேர் அவர் பக்கம். நானும்தான். எதற்கு வம்பு என்று நினைத்தேன். தனலட்சுமி அன்றைக்கே விலகிப் போனாள். மறுநாள் மேசையைப் பிரித்துக்கொண்டே அவர் சொன்னார்: "நல்லா சொல்றா அந்தப் பொண்ணு. நம்ம யாரவிடவும் நல்லா சொல்றா. ஆனா படிக்கலயேமா." எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் யாருக்குத்தான் இல்லை? அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது வருடம் மேசையை நிழலிலிருந்து வெயில் பக்கமாக நகர்த்தினார். "எலும்புக்கு நல்லதாம்" என்றார். நம்பினேன். பிறகு ஒருநாள் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "அட்மின், இத எழுத்து பெருசா விழறாப்ல ஜெராக்ஸ் எட்து குடு. பழைய புக்கு, பிரிச்சிகினே இருந்தா கிழிஞ்சிடும்" என்றார். ஆகா, புத்தகத்தின் மேல் என்ன அக்கறை என்று மெச்சிக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கேட்டார். அதற்கடுத்த மாதம் இன்னும் பெரிதாக. ஒரு பக்கத்தைப் பெரிய தாள் இரண்டில் பரப்பி எடுத்துக் கொடுத்தேன். என் கையால் பொத்தானை அழுத்தி எடுத்துக் கொடுத்தவள் நான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் இந்த வருடமும் பன்னிரண்டு வந்துவிடுமா என்பதைத்தான்.

அந்த ஆடி மாதத் தலைப்பையும் நானே யோசித்து வைத்தேன். உங்களைவிட வயதில் மூத்த புத்தகம். குரூப்பில் எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அது எளிது. அறுபது வயதுக்காரர் அறுபது வருடத்துக்கு முந்தைய புத்தகத்துக்கு எங்கே போவார் என்று நான் யோசிக்கவே இல்லை. திருவாலங்காட்டில் ஒரு பழைய வீட்டுப் பரணிலிருந்து தேடிப்பிடித்து வாங்கி வந்தார். பழுப்பேறிய தாள். கடுகு கடுகாக எழுத்து. ஜெராக்ஸ் போட்டால் தாளின் கறுப்புதான் பெரிதாக விழுந்தது. எழுத்து விழவில்லை. மூன்று விதமாக முயன்று பார்த்துவிட்டு, "வேணாம் உடு, அப்டியே படிச்சிக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

அந்த மாதத்தில்தான் சென்னைக் கண் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஊசி போட நாள் குறித்திருந்தார்கள். கண்ணுக்குள்ளே போடுகிற ஊசி. போட்டால் ஒரு வாரம் கண்ணை அலட்டக்கூடாதாம், படிக்கவும் கூடாதாம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. வீட்டில் அண்ணியிடம், "கிருத்திகக் கூட்டம், காவடியும் மொட்டையுமா ரயில்ல கால் வெக்க முடியாது. அடுத்த மாசம் போலாம்" என்று சொல்லிவிட்டிருக்கிறார். அண்ணியும் நம்பிவிட்டார். அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் நம்பத்தான் தோன்றும்.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. வழக்கம்போல நான் பட்டியல் போட்டேன். முடித்தவர்கள் எல்லோர் பெயரும் டிக்கோடு. அதற்குக் கீழே, 'பாக்கி: ஒருவர்' என்று போட்டு அவர் பெயர். அதோடு விட்டேனா? 'அண்ணா, ரெண்டு வருஷமா விடாத ஆளு, இந்த மாசம் டிக் விழாதா?' என்று ஒரு வரி. ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அவர் கைகூப்பும் பொம்மை போட்டார்.

கடைசி நாள் சாயங்காலம், முடித்தேன் என்று செய்தி வந்தது. பக்க எண் கொடுத்தேன். கைவரி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வந்ததைப் பார்த்தேன். எழுத்து அதே முத்து எழுத்துதான். ஆனால் வரி நேராக இல்லை. கீழே தொடங்கி மேலே மேலே ஏறி, தாளின் மூலையில் போய் முட்டி நின்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா? 'அண்ணா, வரி படிக்கட்டு ஏறி முருகனைப் பார்க்கப் போகுதே!' என்று போட்டேன். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். டிக் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து, காலை பதினொரு மணி இருக்கும். கடையில் கூட்டம். வாசலில் ஒரு அம்மாவின் வாரிசுச் சான்று மனுவைப் படித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சத்தம் போட்டார்.

"யார்மா இங்க் கொட்னது? புது மனுமா இது! பாரு, பாதி பக்கம் போய்டுச்சி!"

தோள் துண்டை எடுத்துத் தாளை ஒற்ற ஆரம்பித்தார். ஒற்றினார், தேய்த்தார், எடுத்து உதறினார். அந்த அம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்து தாளைப் பார்த்தேன். தாள் பளிச்சென்று இருந்தது. ஒரு பொட்டு மை இல்லை.

"அண்ணா, தாளு சுத்தமா இருக்குதுங்க" என்றேன்.

அவர் கை நின்றது. தாளை வலது பக்கம் பிடித்துப் பார்த்தார், இடது பக்கம் பிடித்துப் பார்த்தார். பிறகு அந்தத் துண்டாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப கண்ணுக்குள்ள கொட்டிகிச்சி" என்றார் மெதுவாக. "அட்மின், இந்த அம்மாவுக்கு ரெண்டாவது வாட்டி படிச்சிக் காட்டல. நீ படிச்சிக் காட்டிடு."

அடுத்த ரயிலில் அண்ணியும் நானும் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். கண்ணுக்குள் ரத்தம் கசிந்து விட்டதாம். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "போன மாசமே வந்திருக்கணுமே, ஏன் வரல?" என்று கேட்டார். அண்ணி கிருத்திகைக் கூட்டம் என்று ஆரம்பித்தார். டாக்டர் முன்னால் இவருக்குப் பொய் வரவில்லை. "ஒரு புக்கு முடிக்கவேண்டி இருந்திச்சி சார்" என்று சொல்லிவிட்டார். நாள் தவறாமல் வந்திருந்தால் கண் பிழைத்திருக்குமா என்று நான் தனியாகப் போய்க் கேட்டேன். பிழைத்திருக்கும் என்றும் சொல்ல முடியாது, பிழைத்திருக்காது என்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதைவிட நன்றாக நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

அந்தக் குறையை அண்ணி தீர்த்துவைத்தார். திரும்பி வரும்போது ரயிலில் வைத்தே, "நாள தள்ளிப்போட்டது இவரு, ஒத்துக்கறேன். பேரு போட்டது யாரு? பாக்கின்னு எழுதனது யாரு? நீயெல்லாம் ஒரு பொம்பளயா? ஒரு டிக்குக்கு என் புருஷன் கண்ண வாங்கிட்டியே" என்றார். பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. அவர் கண்ணில் கட்டோடு நடுவில் உட்கார்ந்துகொண்டு, "அவள ஏன் சொல்ற, அவளுக்கு இன்னா தெரியும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணி காதில் வாங்கவே இல்லை.

வலது கண் போயிற்று. இடதில் வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், எழுத்து தெரியாது. மடக்கு மேசை என் கடைக்குள் சுவரோரமாகச் சாய்ந்து நின்றது. பட்டியல் போடுவதை நிறுத்தினேன். தனலட்சுமியைக் கெஞ்சிக் கூட்டிவந்து, கேட்டாலும் படித்ததுதான் என்று விதியை மாற்றினேன். அவளே அவருக்கு ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்துக் குரல் பதிவாக அனுப்பினாள். கேட்டாராம். நன்றாக இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னாராம். நான் டிக் போட்டேன் என்று தெரிந்ததும் எனக்குப் போன் செய்தார். "எடுத்துடு அட்மின். அது நான் கேட்டது. படிக்கல. எனக்காவ விதிய வளைக்காத." எடுத்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் வீட்டுக்கு வரச் சொல்லி அனுப்பினார். பார்வைக் குறைபாட்டுக்கான அடையாள அட்டை கேட்டு மனு எழுத வேண்டும். எல்லாம் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிடலாம் என்றேன். கேட்கவில்லை. கையால் எழுதின மனுவும் கூட வைக்க வேண்டுமாம். அண்ணி கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஊரில் பாதிப் பேருக்கு எழுதிக்கொடுத்தவர், தனக்கென்று முதல் முறையாகச் சொன்னார். பெறுநர், பொருள், ஐயா வணக்கம், எல்லாம் பிசகில்லாமல் வந்தது. கடைசியில் ஒரு வரி சொன்னார்: 'மருத்துவர் குறித்த நாளில் நான் செல்லாததே இந்நிலைக்குக் காரணம், இதில் வேறு எவருக்கும் பொறுப்பில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.'

பேனாவை நிறுத்தினேன். "இது எதுக்குண்ணா? இதப் பாத்தா ஆபீஸ்ல நொட்டை சொல்லுவான். உன் தப்புதானேன்னு மனுவ ஒதுக்கி வெச்சிடுவான்."

"எழுதுமா. இவ தெருவெல்லாம் உன்னைத்தான் சொல்லிகினு இருக்கறா. வாயால சொன்னா கேக்க மாட்டேன்றா. எழுத்துல இருக்கணும். என் கையெழுத்து போட்ட காயிதத்துல இருந்தா நாளைக்கு யாரும் உன்ன ஒரு வார்த்த சொல்ல முடியாது."

எழுதப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், எழுதத்தான் போனேன். 'வேறு எவருக்கும் பொறுப்பில்லை' என்று என் கையாலேயே எப்படி எழுதுவேன்? மனு தள்ளுபடியாகிவிடுமே என்ற பயமும் இருந்தது. எது பெரிய காரணம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பேனாவைத் திருப்பிப் பிடித்துத் தாளின் மேல் சும்மா ஓட்டினேன். தாளில் கீறல்கூட விழவில்லை.

"எழுதிட்டியா?"

"ஆங், எழுதிட்டேண்ணா."

"படி."

படித்தேன். கடைசி வரி வந்ததும், இல்லாத அந்த வரியையும் சேர்த்துப் படித்தேன்.

"இன்னொரு வாட்டி."

இரண்டாவது முறையும் படித்தேன். மெதுவாக, ஒவ்வொரு வரியாக. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கையை நீட்டினார். விரலைப் பிடித்துத் தாளில் இடம் காட்டினேன். "படிக்காம போட்ற மொத கையெழுத்து இது. நீ படிச்சதால போட்றேன்" என்றார். கையெழுத்து மேலே ஏறவில்லை. நேராகத்தான் விழுந்தது.

அட்டை எந்தத் தடையும் இல்லாமல் கிடைத்தது. அதன் பிறகு ஓசூரில் இருக்கும் மகள் வந்து இருவரையும் தன்னோடு கூட்டிப் போய்விட்டாள். எழுதிய மனுவுக்கெல்லாம் நகல் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். இதற்கும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனார். என் கடை மிஷினிலேயே எடுத்த நகல். அந்த வரி இல்லாத நகலை இரண்டாக மடித்து நானே அவர் பையில் வைத்தேன். வருடங்கள் ஓடிவிட்டன. ஓசூர் எண்ணிலிருந்து போன் வந்தால் இன்றும் நாலு முறை அடிக்க விட்டுத்தான் எடுப்பேன். பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்வார், மழை பெய்கிறதா என்று கேட்பார், வைத்துவிடுவார். அப்பாடா என்று இருக்கும்.

போன வாரமும் போன் வந்தது. மகள்தான் போட்டுக் கொடுத்தாள்.

"அட்மின், பீரோவ ஒழுங்கு பண்ணிகினு இருந்தாங்க. அந்த மனு நகலு கெடச்சிது. உங்க அண்ணிக்குக் கேக்கட்டும்னு பொண்ண படிக்கச் சொன்னேன்."

நான் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வரிய உட்டுட்ட. சரி, எதுனா காரணம் இருக்கும். அத நான் கேக்கல" என்றார். "ஆனா ரெண்டாவது வாட்டியும் ஒரு எழுத்து பிசகாம அப்டியே படிச்சியேமா. அது எப்டி?"